கௌரிக்குப் பிடித்த வசவு

மாடு வளர்ப்பு என்பது, ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு கிழமை இருப்பதையே கேள்விப்படாதவர்கள் செய்கிற தொழில். காலேஜ் பஸ்ஸில் உங்கள் பக்கத்து சீட் மட்டும் கடைசிவரை காலியாகவே வருகிறதா? எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் ஒரு பச்சைக்கோடு பாக்கி நிற்கிறதா? கல்யாண வீட்டில் எல்லோரும் ஐஸ்கிரீமைப் பார்க்கும்போது உங்கள் கண் மட்டும் வாழை இலை கொட்டுகிற இடத்தைத் தேடுகிறதா? வாருங்கள், உட்காருங்கள். நீங்களும் நம்ம ஆள்தான்.

எனக்குப் பதினேழு வயது. அப்பா மைசூர் ஹெப்பாளில் ஒரு ஃபேக்டரியில் லேத் ஓட்டுகிறார். அம்மா செல்வி, வீட்டுக்குப் பின்னால் கௌரி, ராணி, மல்லி என்ற மூன்று சீமை மாடுகளை ஓட்டுகிறாள். இருவரும் ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்க் கிராமத்திலிருந்து மைசூருக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. நான் என்ன செய்கிறேன் என்றால், எல்லோர் மாதிரியும் பேசுகிறேன். கெமிஸ்ட்ரி மேடம், பஸ் கண்டக்டர், பால் சொசைட்டி செக்ரெட்டரி, யார் குரலும் எனக்கு வரும். ஒருமுறை பிரின்சிபால் குரலில் மைக்கில் அரை நாள் லீவு விட்டிருக்கிறேன். முழு நாள் விடாதது என் அடக்கம்.

எந்த முறை?

ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கத்தில் மாடு வளர்ப்பவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். அம்மாவுக்குக் கன்னடம் புரியும், ஆனால் ஆபீசர்கள் பேசுகிற கன்னடம் புரியாது. அதனால் மொழிபெயர்க்க நான். சாப்பாட்டில் பாயசம் உண்டு என்றதால் நானும் மறுக்கவில்லை.

வந்த ஆபீசர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் "அர்த்த ஆயித்தா?" என்று கேட்டார். புரிந்ததா என்று அர்த்தம். நிலம் நிறைய, மழை சுமார், ஆள் குறைவு என்றால் மேய்ச்சல் முறை, அதற்கு நாட்டு மாடுதான் தாங்கும். அர்த்த ஆயித்தா? வயலும் மாடும் சேர்ந்திருந்தால் கலப்பு முறை, கரும்புத் தோகை மாட்டுக்கு, சாணம் கரும்புக்கு. அர்த்த ஆயித்தா? நிலமே இல்லை, ஆனால் பால் வாங்க ஊர் பக்கத்தில் இருக்கிறது என்றால் கொட்டில் முறை, சீமை மாட்டைக் கட்டிப்போட்டு நிழலும் தண்ணீரும் தீவனமும் இருக்கிற இடத்துக்கே கொண்டுவந்து கொடுக்க வேண்டும். மூன்றாவது தடவை அவர் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து அவர் குரலிலேயே "அர்த்த ஆயித்தா?" என்று நான் கேட்டுவிட்டேன். பெண்கள் எல்லோரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

சிரித்தவர்களில் என் அம்மாதான் உயரம். அவளை எழுப்பி நிறுத்தி, "நீங்கள் எந்த முறையம்மா?" என்று கேட்டார் ஆபீசர். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு பயபக்தியோடு சொன்னாள்: "மொறைன்னு பெருசா ஒண்ணுமில்லீங்க. காலையில அவுத்து விடறதுங்க, சாயந்தரம் தேடறதுங்க."

கார்த்திக் சாரின் புல்

அந்த முறை எங்கள் லேஅவுட்டில் நன்றாகவே நடந்தது. பாதி சைட்டுகள் வீடு கட்டாமல் காலி. அதன் சொந்தக்காரர்கள் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருந்துகொண்டு விலை உயரட்டும் என்று காத்திருந்தார்கள். அதற்குள் புல் உயர்ந்துவிட்டது. எல்லைக்கல்லுக்கு எல்லைக்கல் கௌரி மேய்ந்துகொண்டு போவாள், சர்வே செய்கிறவள் மாதிரி.

பக்கத்து வில்லாவில் இருந்த கார்த்திக் சார் சென்னைக்காரர், ஐ.டி. கம்பெனியில் வேலை. பால் வாங்க வந்த முதல் நாளே, "மாடு கட்டிப்போட்டு வளர்த்ததா, ஃப்ரீயா மேயுறதா? எங்களுக்குப் புல் மேயுற மாட்டுப் பால்தான் வேணும்" என்றார். நான் ஆபீசர் குரலை எடுத்துக்கொண்டேன். "முழுக்க முழுக்க மேய்ச்சல் முறை சார். கட்டுப்பாடே கிடையாது." கட்டுப்பாடு கிடையாது என்பதை நான் எவ்வளவு உண்மையாகச் சொன்னேன் என்பது அவருக்கு ஒரு வாரத்தில் தெரிந்தது.

அவர் வீட்டு முன்னால் புல்லைப் பாய் மாதிரிச் சுருட்டிக் கொண்டுவந்து விரித்திருந்தார்கள். விரித்த மூன்றாம் நாள், கேட்டைத் தலையால் தள்ளிக்கொண்டு கௌரி உள்ளே போயிருக்கிறாள். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது, முடிவெட்டுகிறவர் பாதியில் டீ குடிக்கப் போன தலை மாதிரி இருந்தது அந்தத் தோட்டம். கார்த்திக் சார் திட்டவில்லை. லேப்டாப் பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார். பிறகு சொன்னார்: "புல் மேயுற மாட்டுப் பால் வேணும்னு கேட்டேன்மா, ஒத்துக்கறேன். என் புல்லுன்னு நான் சொல்லவே இல்லையே!"

அஸ்திவாரக் குழி

அந்த வருஷம் காத்திருந்தவர்களுக்கெல்லாம் விலை உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. ஒவ்வொரு சைட்டாகக் காம்பவுண்டுச் சுவர் எழும்பியது. சுவர் எழும்பாத சைட்டில் அஸ்திவாரக் குழி. நேற்று மேய்ந்த இடத்தை இன்றைக்குத் தேடிப் போன கௌரியைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு வந்த அம்மா, புல் மூடியிருந்த ஒரு குழியில் கால் வைத்துவிட்டாள். வலது மணிக்கட்டில் இரண்டு எலும்பும் போயிற்று. கௌரி கன்று போட்டு அப்போது பன்னிரண்டு நாள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பதற்குள் அப்பா வராந்தாவில் நின்று மாட்டுப் புரோக்கர் புட்டசாமிக்குப் போன் போட்டுவிட்டார். "மூணையும் குடுத்தர்றேன். அடுத்த புதன்கெழமை வண்டியோட வந்துரு." போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "மேய எடமும் போச்சு, கறக்கக் கையும் போச்சு. வேற என்ன பண்றது?" என்றார். உள்ளே அம்மா அழுதுகொண்டிருந்தாள். அப்பா பேசியது கதவு வழியாக அவளுக்குக் கேட்டிருந்தது. டாக்டர், கை வலிக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, "பயப்படாதீங்கம்மா, ஆறு வாரம் மாவுக்கட்டு, கையை அசைக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்று ஆறுதல் சொன்னார். அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "ஆறு வாரங்களா? மாட்டுகிட்ட இத யாருங்க எடுத்துச் சொல்றது?"

நைட்டி

ராணி சினையாக இருந்ததால் கறவை நின்றிருந்தது. மல்லி யார் கையை வைத்தாலும் கறப்பாள், பொதுக்குழாய் மாதிரி. கௌரிதான் பிரச்சினை. அவளை அம்மாவைத் தவிர யாரும் கறந்ததில்லை. நான் உட்கார்ந்தால் பாலை மேலே இழுத்துக்கொண்டாள், அப்பா உட்கார்ந்தால் காலைத் தூக்கினாள். கன்று குடித்தது போக மீதி அப்படியே நின்றது. கால்நடை டாக்டர் மடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இப்படியே இன்னும் இரண்டு நாள் போனால் மடி கல்லாகிவிடும், ஒரு காம்பு போனால் போனதுதான், திரும்பி வராது என்று சொல்லிவிட்டார். மடி கெட்ட மாட்டைப் புட்டசாமி பால்காரருக்கு விற்க மாட்டார். யாருக்கு விற்பார் என்பது நமக்குத் தெரியும், சொல்ல வேண்டாம்.

அப்பாவின் ஃபேக்டரியில் யாரோ, மாட்டுக்காரி கட்டின துணியைக் கட்டிக்கொண்டு போனால் வாசனைக்கு ஏமாந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் விடிகாலையில், ஃபேக்டரி பேண்ட்டுக்கு மேலே அம்மாவின் பூப்போட்ட நைட்டியை மாட்டிக்கொண்டு அப்பா கொட்டகைக்குள் போனார். மீசையை மறைக்கத் தலையில் துண்டு. கௌரி முகர்ந்து பார்த்தாள். ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு செம்பு ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். அந்த நேரம் பார்த்துத் தெருவில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அப்பா அவசரத்தில் நைட்டியோடு வாசல் வரை ஓடிவிட்டார்.

பக்கத்து வீட்டு ஜெயம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தார். எங்களோடு பேசிப் பேசித் தமிழ் கற்றுக்கொண்டவர். அப்பாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். ஒன்றும் நடக்காதது மாதிரி ஒரு புள்ளி வைத்தார். அப்புறம் சொன்னார்: "நைட்டி சரியாத்தான் இருக்கு அண்ணா. ஆனா உங்க சம்சாரம் பால் கறக்கறப்ப இவ்வளவு அமைதியா இருக்காதே?"

எதைச் சொன்னால் இறங்கும்

அட! என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். ஊரில் உள்ள எல்லோர் குரலையும் எடுத்தேன், வீட்டுக் குரலை மறந்தேன். அன்று சாயங்காலம் செம்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து அம்மாவின் குரலை எடுத்தேன். "என்ற சாமியல்ல, என்ற தங்கமல்ல, எறக்கு கண்ணு." கௌரி திரும்பி என்னைப் பார்த்தாள். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டைப் பார்க்கிற பார்வை. குரல் சரி, காது ஆடியது, ஆனால் ஒரு சொட்டு இறங்கவில்லை. அம்மா இப்படிக் கொஞ்சியதே கிடையாது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அம்மா அப்பாவிடம் நேரில் பேசுவது, "ஏனுங்க, சாப்படறீங்களா?" அவ்வளவுதான். மீதி எல்லாவற்றையும் பால் கறக்கும்போது கௌரியின் வயிற்றில் நெற்றியை வைத்துக்கொண்டு அவளிடம்தான் சொல்வாள். நானும் நெற்றியை வைத்தேன். "பாத்தியா கௌரி, இந்த மனுசனோட காரியத்த? கொட்டாயிக்கு ஷீட்டு மாத்தறேன் மாத்தறேன்னு நாலு மழ போயிருச்சு. அவுங்க அக்கா வந்தா மட்டும் மீன் வாங்கியாறாரு, நான் காச்சல்ல கெடந்தா ரெண்டு பன்னு. பேண்ட்டுப் பாக்கெட்டுல நட்டு போல்ட்டோட தொவைக்கப் போடறாரே, நான் என்ன மெக்கானிக்கா?" சொர்ர்ர் என்று செம்பில் விழுந்தது பாருங்கள், சந்தோஷத்தில் எனக்கு அடுத்த வசவே மறந்துவிட்டது. கௌரி வாலால் ஒரு தட்டுத் தட்டினாள். தொடர்ந்தேன்.

செம்பு நுரையோடு நிரம்பி நான் நிமிர்ந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். ஆரம்பத்திலிருந்தே நின்றிருக்கிறார். "இதெல்லாம் நீயா சொல்றியா?" என்றார். "இல்லப்பா, அம்மா சொல்றது. நான் குரல் மட்டும்தான்." "தெனமுமா?" "ரெண்டு வேளை." அப்பா டம்ளருக்குள்ளே பார்த்தார். "அப்ப இருபது வருசமா இந்தப் பால்லதான் எனக்குக் காப்பி வந்துட்டிருக்கா?"

தொட்டி, தண்ணீர், ஸ்கூட்டி

பால் இறங்கிவிட்டது, மடி தப்பியது. ஆனால் புதன்கிழமை அப்படியேதான் இருந்தது. மேய இடம் இல்லாமல் மூன்று மாட்டுக்கு என்ன போடுவது என்பதுதான் அப்பாவின் கேள்வி. நான் வாதாடவில்லை. கௌரியிடம் சொன்னேன், அம்மாவின் குரலில், அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி. "ஊருக்கெல்லாம் இரும்ப வளைக்கறாரு கௌரி, நமக்கொரு தீவனத்தொட்டி வளைக்க மாட்டேங்கறாரு." மறுநாள் ஒரு பழைய டிரம்மை நீளவாக்கில் அறுத்துத் தொட்டி வந்தது. "வெயில்ல வேகற உனக்கு ஒரு நெழல் உண்டா?" ஷீட் வந்தது. "தண்ணிக்கு நான் எத்தன கொடம்தான் தூக்கறது?" டாய்லெட் ஃப்ளஷ் டேங்கில் இருக்குமே, அந்த மிதவையைக் கழற்றி மாட்டி, மாடு குடிக்கக் குடிக்கத் தானாக நிரம்புகிற தொட்டி செய்தார். லேத் ஆள் இல்லையா! ஷிஃப்ட் முடிந்து பைக்கில் ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கம் போய், ஒரு விவசாயிக்குச் சாணம் தருவதாகப் பேசி, கரும்புத் தோகை கட்டிக்கொண்டு வந்தார். மண்டி மொஹல்லா கடைவீதிக்குத் தவிடு வாங்கப் போனது மட்டும் என்னோடு. அந்தச் சந்தில் தவிட்டு மூட்டைக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் நான் டிராஃபிக் போலீஸ் குரலில் ஒரு அதட்டுப் போட்டுத்தான் வெளியே வந்தோம்.

கேட்டதெல்லாம் வருகிறது என்றால் மனித மனம் சும்மா இருக்குமா, நீங்களே சொல்லுங்கள். சனிக்கிழமை காலை, நெற்றியை வயிற்றில் அழுத்திக்கொண்டு சொன்னேன்: "பாத்தியா கௌரி, வயசுக்கு வந்த புள்ள பஸ்ஸுல தொங்கிட்டுப் போவுது. அதுக்கொரு ஸ்கூட்டி வாங்கித் தரணும்னு இந்த மனுசனுக்குத் தோணுதா?" பால் இறங்கவில்லை. பொய்யை மாடு கண்டுபிடித்துவிடுகிறது. ஜன்னலுக்குப் பின்னாலிருந்து, மாவுக்கட்டுப் போட்ட கையைத் தொட்டில் மாதிரி மாட்டிக்கொண்டு அம்மா சொன்னாள்: "என்ற கொரல நீ எடுத்துக்க கண்ணு, பரவால்ல. என்ற கொறைய நீயா இட்டுக்கட்டாதே."

சரக்குத் தீர்ந்த நாள்

திங்கட்கிழமை சாயங்காலம் எனக்கு வசவு தீர்ந்துவிட்டது. ஷீட், தொட்டி, தண்ணீர், மீன், பன், நட்டு, எல்லாம் சொல்லியாயிற்று. பழைய வசவுக்குக் கௌரி அரைச் செம்புதான் தருவாள். யோசித்து யோசித்து, நான் சின்னப் பிள்ளையாகக் கொட்டகையில் கன்றோடு விளையாடும்போது கேட்ட ஒன்றை எடுத்தேன். "இந்த ஊருக்கு வந்தப்ப எனக்குப் பாஷ தெரியாது கௌரி. இவரு பஸ் ஏறிப் போனா, பொழுதுக்கும் வாயத் தொறக்க ஆளில்ல. கன்னடம் கத்துக்கன்னு சொல்லிட்டுப் போயிருவாரு. அதான் உங்கம்மாள வாங்கிக் கட்டுனேன். அவதான் எனக்கு மொதப் பேச்சுத் தொண."

பால் நன்றாக இறங்கியது. தோகை நறுக்குகிற சத்தம்தான் நின்றுவிட்டது. அப்பா அரிவாளைக் கீழே வைத்துவிட்டு நேராக அம்மாவிடம் போனார். "கன்னடம் கத்துக்கன்னு சொன்னனே ஒழிய, நான் உக்காந்து ஒரு வார்த்த பேசுனதில்ல, இல்ல?" அம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. இருபது வருஷமாக மாட்டிடம் சொன்னது மனுஷனுக்குப் போய்ச் சேர்ந்தால் யாருக்குத்தான் கூச்சமாக இருக்காது? முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "பேசலாமுங்க, மொதல்ல போயிக் கையக் கழுவிட்டு வாங்க."

புதன்கிழமை

இவ்வளவு நடந்தும், புட்டசாமி வரவேண்டாம் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. செவ்வாய் ராத்திரி சாப்பிடும்போது கூட அந்தப் பேச்சு இல்லை. அப்பா கொடுத்த வாக்கை மாற்றுகிற ஆள் இல்லை. அம்மா வாய்விட்டுக் கேட்கிற ஆள் இல்லை. மிச்சம் இருப்பது நான்தான். நமக்குத்தான் வாக்கும் கிடையாது, வெட்கமும் கிடையாதே.

புதன்கிழமை காலை அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து அவர் போனை எடுத்தேன். கடைசியாகப் பேசியவர்கள் பட்டியலில் புட்டசாமியின் பெயர் முதலாவதாகவே இருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு மூளை வேலை செய்யவில்லை. கொட்டகைப் பக்கம் போனேன். அப்பா போனில் பேசுமுன் ஒருமுறை கனைப்பார், அதையும் கனைத்தேன். "புட்டசாமி, நாந்தான். மாட்டக் குடுக்கலப்பா. வண்டி எடுத்துட்டு வராதே. தப்பா நெனச்சுக்காதே." குரல் துளி பிசகவில்லை.

அந்தப் பக்கம் தண்ணீர் மொள்ளுகிற சத்தம் கேட்டது. ஓசூர்ச் சந்தைக்குப் போய்ப் போய்த் தமிழ் கற்ற மனிதர், ஒரு பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "ஏன் சார், விடியறதுக்குள்ள உங்க சம்சாரம் போன் பண்ணி, அவர்கிட்ட சொல்லிடாதீங்க, வராதீங்கன்னாங்க. அப்புறம் நீங்க பண்ணி, அவகிட்ட சொல்லிடாதே, வராதேன்னீங்க. இப்ப மறுபடியும் நீங்க. உங்க வீட்ல ஒரு பொண்ணு வேற இருக்காமே, அவளையும் இப்பவே பேசச் சொல்லிடுங்க, நான் நிம்மதியாக் குளிக்கணும்."

மேய்ச்சல் முறையோ கொட்டில் முறையோ, மாடு கட்டியிருக்கிற வீட்டில் ரகசியம் மட்டும் ஒரு நாளைக்கு மேல் தங்காது, ஏனென்றால் அதையும் சேர்த்துத்தான் தினம் இரண்டு வேளை கறந்துவிடுகிறோம்.